பாட்டிலில் என்ன இருந்தது?

போன பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. வீடு முழுக்க ஒட்டடை அடித்து, பரண் சாமான்களை இறக்கி, பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது பாத்ரூம் மட்டும்தான். மூலையில் பாசி, தரை முழுக்க போர் தண்ணீரின் உப்புக் கறை. நான் பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அரை மணி நேரம் ஊறட்டும் என்று விட்டுவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அம்மா உள்ளே வந்து பார்த்திருக்கிறார். தரையில் வெள்ளையாக இருப்பது சோப்புத்தூள் என்று நினைத்துக்கொண்டு, இந்தக் கறைக்கு ஆசிட்தான் சரி என்று பின்கட்டில் இருந்த பாட்டிலை எடுத்து வந்து ஊற்றிவிட்டார்.

நான் பாதிப் படி இறங்கும்போதே மூக்கில் ஏறியது. நீச்சல் குளத்தில் வருமே ஒரு வாடை, அதைக் காய்ச்சி இறுக்கி முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார், இருமுகிறார், ஆனால் இருமலுக்கு நடுவில் மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை, கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. தரையில் நுரை பொங்கிச் சரசரவென்று சத்தம். அந்த நுரைக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு லேசான மஞ்சளும் பச்சையுமாக ஏதோ மிதந்த மாதிரி ஒரு மங்கல். என் ஐந்து வயது மகள் கதவருகே நின்று "பாட்டி, பாட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு அடி உள்ளே வைக்கப் போனாள்.

அவளைத் தூக்கி வாசலில் விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அம்மாவை இழுத்து வந்தேன். அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஆக்சிஜன் மாஸ்க்.

டூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பதற்றமில்லாமல் கேட்டார். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாங்க? முன்னாடி ஆஸ்துமா, வீசிங் ஏதாவது உண்டா? அப்புறம், என்ன ஆசிட்?

"பாத்ரூம் ஆசிட் சார்."

"அதாம்மா, என்ன ஆசிட்? பாட்டில் கொண்டு வந்தீங்களா? லேபிள்ல என்ன போட்டிருக்கு?"

பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் செய்து பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தை டாக்டரிடம் நீட்டினேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். லேபிளில் நீல நிறத்தில் மலை, மலை உச்சியில் பனி, கீழே 'சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்' என்று எழுத்து. உள்ளே முக்கால்வாசிக்கு மஞ்சள் தண்ணீர். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

எட்டு வருஷமாக அந்த ஆசிட் எங்கள் வீட்டில் இருக்கிறது. தீர்ந்தால் தெருவில் வரும் வண்டியில் வாங்குவோம். அது என்ன என்று அன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது.

அம்மாவை இரவு வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மத்தியானமே இருமல் நின்று, வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார், டாக்டர் விடவில்லை. இந்த வாயு உள்ளே போனால் உடனே தெரியும் தொல்லை ஒன்று, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இன்னொன்று, நன்றாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் ராத்திரி மூச்சுத்திணறி வருவார்கள், அதனால்தான் என்றார். நல்லவேளை, அம்மாவுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. தொண்டைக் கமறல் மட்டும் பத்து நாள் இருந்தது.

நடந்தது என்ன என்பதை அந்தப் பத்து நாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பாத்ரூம் ஆசிட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தொழிற்சாலைத் தரத்து அமிலத்தில் கலந்திருக்கும் இரும்பினால்தான் அந்த மஞ்சள் நிறம். பிளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மன் படைகள் சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டு எதிரிகளின் பதுங்குகுழிகளை நிரப்பியதும் இதே குளோரின்தான். குழிக்குள் அது போய்த் தேங்கியதற்குக் காரணம், காற்றைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். மேலே எழும்பாது, தரையோடு கிடக்கும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் குனிந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேராக. ஐந்து வயதுக் குழந்தையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த பிளீச்சிங் பவுடர் மூட்டை கொரோனா காலத்தில் வாங்கியது. தெருவெல்லாம் தூவினார்கள், நாமும் தூவினோம், மிச்சத்தைக் கட்டி வைத்தோம். இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 2020-இன் முதல் மூன்று மாதங்களில், துப்புரவுப் பொருளும் கிருமிநாசினியும் தொடர்பாக விஷத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம் கூடின. அதில் ஒரு பெண், காய்கறி கழுவுவதற்காகத் தொட்டியில் பிளீச்சையும் வினிகரையும் வெந்நீரையும் கலந்து ஊறவைத்து, சமையலறையில் கிளம்பிய வாயுவால் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தது. என் அம்மாவும் அப்படித்தான்.

ஆசிட் விற்பனைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுத வேண்டும், எதற்கு என்று கேட்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் விற்கக் கூடாது. எங்கள் தெருவில் மூன்று சக்கர வண்டியில் "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று ஸ்பீக்கரில் ஓடவிட்டுக்கொண்டு வருபவரிடம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இருபது ரூபாய் கொடுத்து வாங்கி வருகிறார்கள். பாட்டில் நாம் கொண்டுபோனால் விலை குறையும். அதனால் எல்லா வீட்டிலிருந்தும் தண்ணீர் பாட்டிலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலும்தான் போகும். ஒரு பொருள் தன் பெயரை இழப்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. தொழிற்சாலையில் அதற்குப் பெயர் இருந்திருக்கும், எச்சரிக்கை எழுதிய பெரிய கேன் இருந்திருக்கும். நம் வீட்டுக்கு வந்து சேரும்போது அது பனிமலைத் தண்ணீராகிவிடுகிறது.

அம்மா வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறு, ஹாலில் பழைய நாளிதழ்களை விரித்து, வீட்டில் இருக்கிற, சாப்பாட்டுக்கு இல்லாத எல்லாப் பொருளையும் கொண்டுவந்து பரப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி. இதன் பெயர் என்ன, இதை யாராவது குடித்துவிட்டால் டாக்டரிடம் நான் என்ன சொல்வேன்? அரை மணியில் முடியும் என்று நினைத்தேன், சாயங்காலம் வரை இழுத்தது. மொத்தம் நாற்பத்தியோரு பொருட்கள். அதில் பதினாறுக்கு லேபிளே இல்லை, அல்லது வேறு எதனுடைய லேபிளோ இருந்தது.

பினாயில் ஒரு ஜூஸ் பாட்டிலில் இருந்தது. வெள்ளைப் பினாயிலைத் தண்ணீரில் ஊற்றினால் அப்படியே மோர் மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். தின்னர் ஒரு குவார்ட்டர் பாட்டிலில், பெயிண்டர் விட்டுப்போனது. மண்ணெண்ணெய் ஒரு சோடா பாட்டிலில்.

மண்ணெண்ணெய் பாட்டிலைப் பார்த்ததும் அம்மாவும் நானும் ஒரே சமயத்தில் பெரியம்மா பேரனைத்தான் நினைத்தோம். கிராமத்தில், பல வருஷங்களுக்கு முன்னால், ஒன்றரை வயதில் அடுப்படியில் இருந்த சோடா பாட்டிலைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டான். ஆளாளுக்கு ஓடி வந்து உப்புத் தண்ணீர் கரைத்துப் புகட்டி, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். எல்லாரும் அவன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். ஆனால் செய்திருக்கவே கூடாதது அதுதான். மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் மாதிரி எண்ணெய்கள் வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் ஆபத்து. அவ்வளவு மெல்லிசான எண்ணெய், ஒரு சொட்டு நுரையீரலுக்குள் போனாலும் பரவிக்கொண்டே போகும். வாந்தி எடுக்கும்போது அது இரண்டாவது தடவையாகத் தொண்டையைக் கடந்து வருகிறது, அப்போதுதான் புரையேறி உள்ளே இறங்குகிறது. அந்தப் பிள்ளை நிமோனியா வந்து பதினோரு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். ஆசிட் குடித்தாலும் இதே கதைதான், இறங்கும்போது சுட்டது ஏறும்போது இன்னொரு தடவை சுடும். புளித்தண்ணீர், சாணித்தண்ணீர், சோப்புத்தண்ணீர் எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, பாட்டிலையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் வின்ட்ஸர் நகரத்தில் ஆன்றி ப்ரோ என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். மாத்திரையை மிட்டாய் என்று விழுங்கிவிட்டு வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போய், 1960-களில் அங்கிருந்த மருந்துக் கடைக்காரர்களை எல்லாம் கூட்டி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும் ஒரு மூடியைக் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கு இரண்டு நொடி வேலை, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடாது. அந்த வட்டாரத்தில் குழந்தைகள் மாத்திரை விழுங்கி வருவது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துபோனது. 1970-இல் அமெரிக்கா இப்படிப்பட்ட மூடிகளுக்கென்றே சட்டம் போட்டது. ஒரு மூடி, அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு நாற்பத்தியோரு பொருளையும் திரும்பப் பார்த்தேன். அப்படிப்பட்ட மூடி போட்டது இரண்டே இரண்டு, அதுவும் கழிவறை கழுவும் கம்பெனி பாட்டில்கள். அதை அக்கறையோடு அலமாரி மேல் தட்டில் வைத்திருந்தோம். மூடியில்லாத கோப்பையில் கற்பூரம் சாமி மாடத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்.

கற்பூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை விஷம் என்று சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். எனக்கே அப்படித்தான் இருந்தது. சாமிக்கு ஏற்றுவது, சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பிள்ளை நெஞ்சில் தடவுவது. ஆனால் கற்பூரம் வயிற்றுக்குள் போனால் மூளையைத் தாக்கும், ஐந்து நிமிஷத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரும், சின்னக் குழந்தைக்கு அதிகம் தேவையில்லை, ஒன்றிரண்டு வில்லைக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவில் மருந்துப் பொருட்களில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் சேர்க்கக் கூடாது என்று 1980-களிலேயே வரம்பு போட்டுவிட்டார்கள். நல்ல பூஜை வில்லை என்றால் அது கிட்டத்தட்ட முழுக்கவும் கற்பூரம். பூஜைத் தட்டைக் கொஞ்சம் குழந்தை கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளைக் கற்கண்டு, பிரசாதம் என்று நாமே எடுத்து வாயில் போடுகிறோம். அதே தட்டில் ஒரு விரற்கடை தள்ளி வெள்ளையாகக் கற்பூரம். அதோடு, சர்க்கரைப் பொங்கலில் போடும் பச்சைக் கற்பூரத்தையும் கற்பூரம் என்றுதான் சொல்கிறோம். பெயர் ஒன்றாக இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? நெஞ்சில் தடவுவதும் இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம், தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போகும், கைக்குழந்தையின் மெல்லிய தோலில் இன்னும் வேகமாக. எங்கள் வீட்டில் இப்போது கற்பூரம் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் மேல் தட்டில் இருக்கிறது. பூஜை நேரத்தில் ஒரு வில்லை இறங்கும், ஏற்றி அணைந்ததும் டப்பா மேலே போய்விடும். சாமிக்கு ஒரு குறையும் வரவில்லை.

பீரோவிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் அந்துருண்டை ஒரு கை நிறைய வந்தது. நாங்கள் அந்துருண்டை என்போம், பாச்சை உருண்டை, ரசகற்பூரம் என்றும் சொல்வார்கள், நாப்தலீன். இதில்தான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. தம்பி மனைவிக்கு அப்போது எட்டாம் மாசம். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தூளி கட்டுவதற்கென்று அம்மா, பாட்டியின் சுங்குடிச் சேலை ஒன்றை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். என் மகள் தூங்கியதும் அந்தச் சேலையில்தான், நானும் தம்பியும் தூங்கியதும் அதில்தான். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட நூல். மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை. பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை ஆளைத் தூக்கியது.

சிலர் உடம்பில் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். மலேரியா அதிகம் இருந்த நாடுகளில் இது சகஜம், நம் நாட்டிலும் உண்டு, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. சோதித்துப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட உடம்புக்குள் நாப்தலீன் ஆவி போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கே அது கஷ்டம். பிறந்த குழந்தைக்கு உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை அகற்றக் கல்லீரல் இன்னும் தயாராகியிருக்காது, மஞ்சள் காமாலை ஏறும், அளவு மீறினால் மூளையில் படிந்து நிரந்தரமான பாதிப்பு வரும். விழுங்க வேண்டியதே இல்லை. அந்துருண்டையோடு வைத்த துணியில் சுற்றிக் கிடத்தியதாலேயே இப்படி ஆன குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாப்தலீன் உருண்டைகளைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. நம் ஊரில் பாத்ரூம் வாஷ்பேசினில் வண்ண வண்ணமாக, மிட்டாய் மாதிரியே கிடக்கிறது.

அம்மாவிடம் இதைச் சொல்வது சுலபமாக இல்லை. "ஏன்டி, ஒங்க ரெண்டு பேரையும் அதுலதான போட்டு ஆட்டுனேன், எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க" என்றார். இந்தப் பேச்சை எல்லா வீட்டிலும் கேட்டிருப்பீர்கள், நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்வதற்கு நல்லபடியாகத் தப்பித்தவர்கள்தான் இருக்கிறோம். நாங்கள் பிறந்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் மஞ்சள் காமாலை வந்து போயின, சில பிள்ளைகள் 'மந்தமாக' வளர்ந்தன, அதற்கெல்லாம் யாரும் காரணம் தேடியதில்லை, தலையெழுத்து என்றார்கள். நான் இதைச் சொன்னதும் அம்மா பேசாமல் இருந்தார். தன்னோடு பிறந்து தங்காமல் போன ஒரு தம்பியைப் பற்றி அப்புறமாக எப்போதோ சொல்வதுபோல் சொன்னார். அது எதனால் என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அந்துருண்டையின் மேல் பழி போடவும் நான் விரும்பவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே அம்மா சேலையை உதறி மாடியில் போட்டுவிட்டார். இரண்டு வாரம் நல்ல வெயில், இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசல், வாசனை துளியும் இல்லை என்று என் மூக்கிலும் பக்கத்து வீட்டு அக்கா மூக்கிலும் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் மடித்து வைத்தார். பெட்டியில் இப்போது காய்ந்த வேப்பிலையும் நாலு துண்டு வசம்பும். வசம்பைப் பெயர் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. பெயர் இல்லாத பொருளே கூடாது என்று நான் கிளம்பிய வீட்டில் கடைசியாக உள்ளே வந்தது அது.

கொசுவர்த்தி பற்றி 2003-இல் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம். நாம் அதை ஜன்னலைச் சாத்திவிட்டு, பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் கால்மாட்டில் வைக்கிறோம். வலை கட்டுங்கள், அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிக்கடையில் கம்பெனி பெயர் தெரியாத கொசு ஊதுபத்தி விற்கிறார்களே, அதை மட்டும் தயவுசெய்து வாங்க வேண்டாம். நம் நாட்டில் பூச்சிமருந்து எதுவானாலும், கொசுவுக்கானாலும் எறும்புக்கானாலும், 1968-ஆம் வருஷத்துச் சட்டப்படி மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், அட்டையில் பதிவு எண் இருக்க வேண்டும். பக்கத்தில் வைர வடிவத்தில் ஒரு நிறக் கட்டமும் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை என்றால் குறைவு. பச்சை என்றால் விஷமில்லை என்று அர்த்தம் இல்லை, இதை நானே தப்பாக நினைத்திருந்தேன். எறும்புச் சாக்பீஸ் எங்கள் வீட்டில் மகளின் சிலேட்டுப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்த கையோடு கழுவினேன், அவள் கையையும்.

ஈயம் இன்னொரு பெரிய கதை, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். 2020-இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய ஜன்னல் கம்பியைச் சுரண்டும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்ததா, செந்தூரமும் சாயமும் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள், செந்தூரம் என்று விற்பதில் ஈயம் கலந்தது உண்டு. கைக்குழந்தை நெற்றியில் இட்டது பத்து நிமிஷத்தில் வாய்க்குள் போயிருக்கும்.

நாற்பத்தியோரு பொருளில் கடைசியில் பத்தொன்பதுதான் மிஞ்சியது. ஆசிட் இல்லை. உப்புக் கறைக்கு என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். முழுக்கப் போகாது. குளித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டால் புதுசாகப் படியாது, பழைய கறை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நான் அதோடு சமாதானமாகிவிட்டேன். பிளீச்சிங் பவுடர் வைத்திருக்கிறோம், அதைப் போடும் நாளில் வேறு எதுவும் கிடையாது, சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும், கதவில் துடைப்பத்தைக் குறுக்கே சாத்தி வைக்க வேண்டும், துடைப்பம் கிடந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. இது அம்மா போட்ட விதி. லேபிள் எழுதியதும் அம்மாதான். ஸ்கெட்ச் பேனாவால் வெள்ளை பிளாஸ்திரியில், ஐந்தாவது வரை படித்த கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்: 'பினாயில். குடித்தால் வாந்தி எடுக்க வைக்காதே.' பிரிட்ஜ் கதவில் 108-க்குக் கீழே டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் எண், 1800 116 117, எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. என்ன பொருள், எவ்வளவு, எப்போது, குழந்தையின் எடை என்ன என்பதைச் சொன்னால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்வார்கள். மூச்சுத்திணறலோ வலிப்போ இருந்தால் முதலில் 108 தான்.

மாசி மாசம் தம்பிக்குப் பையன் பிறந்தான். சுங்குடிச் சேலையில் தூங்குகிறான்.

பங்குனியில் ஒரு நாள் அந்த வண்டி வந்தது. அம்மா வாசலுக்குப் போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். நானும் போனேன். "அண்ணே, இந்த ஆசிட்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "நல்ல சரக்குக்கா, தண்ணி கலக்கல" என்றார். அது இல்லை, பேர் என்ன என்றேன். "குடோன்ல பெரிய டிரம்முல இருக்கும். கேன்ல புடிச்சுட்டு வருவோம். ஆசிட்டுன்னுதான் சொல்லுவாங்க." அவ்வளவுதான் அவருக்கும் தெரியும்.

அம்மா அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெடித்து, நகங்கள் மஞ்சளாகி, வலது புறங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்து வெளுத்திருந்தது. புனல் வைத்து ஊற்றும்போது தெறிக்கும், பழகிப்போச்சும்மா என்றார். கேனைத் திறக்கும்போது இருமல் வருமா என்று அம்மா கேட்டார். காலையில வரும், ஒரு டீ குடிச்சா அடங்கிடும் என்றார். பிளீச்சிங் மூட்டை எங்கே என்று கேட்டேன். வண்டியில் ஆசிட் கேன்களுக்குப் பக்கத்திலேயே, வாய் திறந்தபடி இருந்தது.

இரண்டும் பட்டால் என்ன ஆகும் என்று அம்மாதான் அவருக்குச் சொன்னார், தனக்கு நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை, நடுத்தெருவில் நின்று, ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிவிட்டு. அவர் கேட்டுக்கொண்டே மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டி, வண்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கடைசிக்கு மாற்றி வைத்தார். நான் உள்ளே போய், பாத்திரம் தேய்க்க வாங்கி வைத்திருந்த புது ரப்பர் கையுறை ஒரு ஜோடி எடுத்து வந்து கொடுத்தேன். போட்டுப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. பெரிசு வாங்கி வைக்கிறேன், அடுத்த மாசம் வரும்போது வாங்கிக்கோங்க என்றேன். அம்மா ஒரு துடைப்பம் மட்டும் வாங்கினார்.